அகலத்துக்கும் ஓர் எண் வேண்டும்

காலணிக் கடையில் நம்மிடம் கேட்கப்படுவது ஒரே ஓர் எண்தான். என்ன சைஸ் என்று கேட்பார்கள். அந்த எண் பாதத்தின் நீளத்தை மட்டும் சொல்லும். பாதத்துக்கு அகலம் உண்டு, பெருவிரல் மூட்டை வளைத்து அளந்தால் ஒரு சுற்றளவு உண்டு, புறங்காலுக்கு ஓர் உயரம் உண்டு. அவற்றை யாரும் கேட்பதில்லை. நீளமும் அகலமும் சராசரியாக அமைந்தவருக்கு அந்த ஒற்றை எண் போதும். நீளம் குறைந்து அகலம் மிகுந்த பாதம் உள்ளவர் தார்ச்சாலையில் நடக்கும்வரை எப்படியோ சமாளித்துவிடுவார். அவரே மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவை ஒட்டிய 808 மீட்டர் கிளேடாங் மலையில் ஓடத் தொடங்கினாலோ, தஞ்சோங் ரம்புத்தான் பக்கமிருந்து 2,183 மீட்டர் கொர்பு மலைக்கு ஏறினாலோ, சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பழைய பால்மரக் காடுகளின் செம்மண் தடங்களில் பயிற்சி எடுத்தாலோ, கேட்கப்படாத அந்த அளவுகள் கொப்புளமாகவும் கறுத்த நகமாகவும் வெளியே வரும். பெரும்பாலோர் பழியைத் தம் பாதத்தின் மீதே போட்டுக்கொள்கிறார்கள். அது தவறு. குறை, காலணி செய்யப்படும் முறையிலும் விற்கப்படும் முறையிலும் இருக்கிறது. ஒரு சைஸ் கூட்டி வாங்குவதால் அது தீராது. அகலத்தையும் அளந்து, அதை எண்ணாகச் சொல்லிக் கேட்கும் பழக்கம் வந்தால்தான் தீரும்.

காலணி எதன் மேல் உருவாகிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் பாதத்தின் வடிவில் ஓர் அச்சு உண்டு. முன்பு மரத்தில் செதுக்கினார்கள். இப்போது கெட்டி பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். அந்த அச்சின் மேல்தான் துணியும் தோலும் இழுத்து ஒட்டப்படுகின்றன. நிறுவனம் முதலில் ஒரு நடுத்தர சைஸுக்கு அச்சு செய்து, பலர் காலில் போட்டுப் பார்த்துத் திருத்துகிறது. மற்ற சைஸ்கள் எல்லாம் அந்த ஒன்றிலிருந்து கணக்குப் போட்டுப் பெருக்கியவையும் சுருக்கியவையுமே. வழக்கமான அமெரிக்க அளவு முறையில் ஒரு முழு சைஸ் கூடினால் நீளம் மூன்றில் ஓர் அங்குலம், அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடும். விரல் மூட்டுச் சுற்றளவு கால் அங்குலம், அதாவது ஆறேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடும். நீளம் குறையக் குறையச் சுற்றளவும் அதே கணக்கில் இறங்கும். மனிதப் பாதம் அப்படி ஒழுங்காக இறங்குவதில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு பாதங்களின் சுற்றளவு பல மில்லிமீட்டர் வேறுபடுவது சாதாரணம். அதனால்தான் அகலத்துக்குத் தனி எழுத்துகள் ஏற்பட்டன. பெண்கள் காலணியில் ‘பி’ நடுத்தரம், ‘டி’ அகலம். ஆண்கள் காலணியில் ‘டி’ நடுத்தரம், ‘2ஈ’ அகலம், ‘4ஈ’ மிக அகலம். எழுத்துக்கு எழுத்து சுற்றளவு கூடுவதும் அந்த முறையில் அதே கால் அங்குலம்தான். நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு மாற்றம் இருக்கும், அடிப்படை இதுவே.

இந்தக் கணக்கை வைத்து, கடைகளில் நாள்தோறும் சொல்லப்படும் யோசனையைச் சோதித்துப் பார்க்கலாம். முன்பக்கம் இறுக்குகிறது என்றால் ஒரு சைஸ் பெரியதாக எடுங்கள் என்பார்கள். 23 சென்டிமீட்டர் நீளமுள்ள, ‘டி’ அகலம் தேவைப்படும் ஒரு பெண்ணின் பாதத்தை எடுத்துக்கொள்வோம். கடையில் ‘பி’ மட்டுமே இருக்கிறது. ‘பி’யிலிருந்து ‘டி’க்கு இரண்டு படி, அந்தச் சுற்றளவை நீளத்தின் வழியாகப் பெற வேண்டுமானால் இரண்டு முழு சைஸ் ஏற வேண்டும். காலணி 17 மில்லிமீட்டர் நீண்டுவிடும். விரல் நுனிக்கு முன்னால் வழக்கமாக விடும் ஒரு சென்டிமீட்டரோடு இதையும் சேர்த்தால், அவர் முன்னங்காலில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் வெற்றிடத்தைச் சுமந்துகொண்டு ஓடுகிறார். இன்னொரு கேடும் உண்டு. குதிகாலிலிருந்து பாத நீளத்தின் ஏறக்குறைய எழுபது விழுக்காட்டுத் தொலைவில் விரல் மூட்டு இருக்கிறது. காலணியும் அங்கேதான் மடிய வேண்டும். 17 மில்லிமீட்டர் நீண்ட காலணியில் மடியும் இடம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முன்னே போய்விடுகிறது. பாதம் ஓரிடத்தில் மடிய, காலணி வேறிடத்தில் மடியும். குதிகால் பகுதியும் தளர்ந்து, அடிக்கு அடி மேலெழுந்து உரசும்.

சமதளத்தில் இது தொல்லை. பேராக்கின் தடங்களில் ஆபத்து. இங்கே ஆண்டு முழுவதும் மழை பெய்கிறது. செம்மண் களி அடிப்பல்லில் அப்பிக்கொள்ளும். காட்டுப் பாதையில் குறுக்கே ஓடும் வேர்கள் ஈரத்தில் வழுக்கும். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளில் பாறை விளிம்புகள் கூர்மையானவை. பழைய ரப்பர் நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. மேட்டு நிலத்தில் படிப்படியாக வெட்டிய வரப்புகளில் சாய்வாக ஓட வேண்டும், வெட்டிப் போட்ட மட்டைகளின் அடியில் முள் இருக்கும். சரிவில் காலணி நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, தளர்ந்த காலணிக்குள் பாதம் பக்கவாட்டில் சறுக்கினால் கணுக்கால் பிசகும். இறக்கத்தில் பாதம் முன்னே வழுக்கி விரல்கள் முட்டும். நீளமான மூக்கு வேரில் தட்டும். கணுக்காலைக் காப்பாற்றுவது பாதமும் காலணியும் ஒன்றாய் நகரும் இறுக்கம். முன்னே அகலம், நடுவிலும் குதிகாலிலும் பிடிப்பு என்ற இரண்டும் ஒரே காலணியில் வேண்டும். சைஸைக் கூட்டும்போது முதலாவதை அரைகுறையாகப் பெற்று இரண்டாவதை முழுதாக இழக்கிறோம்.

பாதம் ஏன் இப்படி அகன்றிருக்கிறது, அது தட்டைப் பாதம் என்னும் குறையோ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. இதற்கு மருத்துவ ஆய்வுகளில் தெளிவான பதில் இருக்கிறது. அவற்றில் முக்கியமானவை தென்னிந்தியப் பாதங்களைப் பார்த்து எழுதப்பட்டவை. 1992-இல் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் கால்தடங்களைப் பதிந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கே இருந்தது. 2009-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் வெறுங்காலோடு வாழும் இந்தியர்களையும், காலணி அணியும் இந்தியர்களையும், மேற்கத்தியர்களையும் ஒப்பிட்டார்கள். வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதம் அகன்றிருந்தது. உடலின் பாரம் பாதத்தில் இன்னும் சமமாகப் பரவியிருந்தது. எல்லா அகலப் பாதத்துக்கும் வெறுங்கால் வாழ்வே காரணம் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. பரம்பரை, உடல் எடை, வயது, பிள்ளைப்பேறு ஆகியவையும் சேரும். அகலம் தன்னளவில் நோயல்ல என்பதை மட்டும் இந்த ஆய்வுகள் உறுதியாகச் சொல்கின்றன. விரல்கள் விரிந்து நிலத்தைப் பற்றும் பாதம், மேடுபள்ளமான தடத்தில் ஓட ஏற்ற பாதம். அதைக் குறுகலான கூட்டுக்குள் திணிப்பதுதான் நோயைக் கொண்டுவருகிறது.

வெறுங்காலோடு நடந்தவர்களின் வரலாற்றில் பேராக் மாநிலத்துக்குத் தனி இடம் உண்டு. 1877-இல் கியூ தாவரப் பூங்காவின் கன்றுகளிலிருந்து ஒன்பது ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. அந்த மரத்தின் வழியே வந்த தோட்டங்களில்தான் தமிழ்த் தொழிலாளர்களான நம் முன்னோர் இருட்டோடு எழுந்து, நிரை நிரையாக ஒரு நாளில் நானூறு, ஐந்நூறு மரங்களைச் சீவி, திரும்பவும் அதே தூரம் நடந்து பால் எடுத்தார்கள். ஆணும் பெண்ணுமாக அந்த நடையைப் பல ஆண்டுகள் வெறுங்காலோடு நடந்தவர்கள் ஏராளம். பிற்காலத்தில் அவர்கள் காலில் ஏறியது ஒரே வார்ப்பில் செய்த கறுப்பு ரப்பர் சப்பாத்து. கால்பந்துச் சப்பாத்தைப் போல அடியில் குமிழ்ப் பற்கள் கொண்டது. அடிடாஸ் என்ற ஜெர்மானிய நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், நாடு முழுக்க அதை ‘அடிடாஸ் கம்போங்’ என்றே அழைக்கிறார்கள். பத்துப் பதினைந்து வெள்ளிக்கு இன்றும் சிற்றூர்க் கடைகளில் தொங்குகிறது. கினபாலு மலையின் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் இதைப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். காட்டோட்டப் பந்தயங்களிலும் இதைக் காணலாம்.

இந்த மலிவுச் சப்பாத்தைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தால், விலை உயர்ந்த காலணிகள் பலவற்றில் இல்லாத சில நல்ல குணங்கள் தெரியும். மேல் உறையும் அடியும் ஒன்றே ஆதலால் பிய்ந்து போக ஒட்டு இல்லை. ரப்பர் இழுபடும், அகன்ற பாதம் உள்ளே போனதும் பக்கங்கள் விரிந்து கொடுக்கும். அடி மெல்லியது, விரல் தரையை உணரும். குமிழ்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் களி அதிகம் சேராமல் உதிரும். அப்படியானால் இதுவே போதுமே, நூற்றுக்கணக்கான வெள்ளி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மழை நாளில் ஒரு மணி நேரக் காட்டு நடைக்கும், நல்ல பழக்கமுள்ள கால்களுக்கும் அது போதும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு அது போதாது. ரப்பர் உறையில் காற்றோட்டம் இல்லை. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாததால் பலர் ஓரத்தில் துளை போட்டுக்கொள்கிறார்கள். ஊறிய தோல் விரைவில் கொப்புளிக்கும். பாறையில் இறங்கும்போது குதிகால் தாங்கும் அதிர்ச்சியைக் குறைக்க உள்ளே ஒன்றுமில்லை. முள்ளும் கூர்க்கல்லும் மெல்லிய அடியில் தைக்கும். ரப்பரைத் தம் கையால் தந்த மக்களின் பேத்திக்கும் பேரனுக்கும், அந்த ரப்பரில் செய்யக்கூடிய மிக மலிவான காலணிதான் பொருந்துகிறது என்ற நிலை நீடிக்க வேண்டியதில்லை. அந்தச் சப்பாத்தின் நல்ல குணங்கள் நல்ல ஓட்டக் காலணியிலும் இருக்க வேண்டும் என்று கேட்பதே சரியான வழி.

பெண்கள் ஆண்கள் காலணியை வாங்கலாமே என்பது அடுத்த யோசனை. ஆண்களின் நடுத்தர அகலமும் பெண்களின் அகல வகையும் ஒரே ‘டி’ என்பதால் இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் ஓட்டக் காலணிகளில் ஆண்களுக்கான வரிசை பெரும்பாலும் 25 சென்டிமீட்டரை ஒட்டியே தொடங்குகிறது. 22, 23 சென்டிமீட்டர் பாதத்துக்கு அங்கே எதுவும் இல்லை. குள்ளமான ஆண்களும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வடிவமும் வேறு. பெண்ணின் பாதம் ஆணுடையதன் சிறிய நகல் அல்ல என்பதை 2001-இல் வுண்டர்லிக், கவானா ஆகியோரின் அளவாய்வு காட்டியது. ஒரே நீளத்தில் வளைவும் விரல் பகுதியும் வேறாக அமைகின்றன. சிறுவர் காலணி இன்னொரு வழி. அவற்றின் முன்பக்கம் பெரும்பாலும் வட்டமாக இருக்கும், விலையும் குறைவு. பூங்காவில் நடக்க அது உதவலாம். முப்பது கிலோ பிள்ளைக்காக அளவிட்ட மென்மையான அடியும் குதிகால் தாங்கியும் அறுபது கிலோ பெரியவரை மலைச்சரிவில் தாங்காது. காட்டுத்தடத்துக்கு வேண்டிய நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் ஆழமான பற்களும் அவற்றில் அரிது.

விரல் பகுதியை இயல்பாக விரிய விடும் காலணிகளை 2009-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்ட்ராவும், 2013-இல் தொடங்கிய டோப்போவும் பெயர்பெறச் செய்தன. சிறிய அகலப் பாதம் உள்ளவர்களுக்கு இவை உண்மையாகவே நல்ல வாய்ப்பு. வாங்கும்முன் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விரல் முனை வட்டமாக இருப்பது ஒன்று. மூட்டுச் சுற்றளவு பெரிதாக இருப்பது மற்றொன்று. முனை வட்டமான காலணியிலும் மூட்டும் புறங்காலும் இறுகலாம். சுண்டுவிரல் நசுங்குகிறது என்றால் முனையின் வடிவம் காரணம். மூட்டெலும்பு இரண்டு பக்கமும் வலிக்கிறது, கயிறு கட்டும் இடம் அழுத்துகிறது என்றால் சுற்றளவு காரணம். முன்னதற்கு வட்ட முனை மருந்து. பின்னதற்கு அகல எழுத்து மருந்து. ஆல்ட்ராவின் பெரும்பாலான காலணிகளில் குதிகாலும் முன்னங்காலும் ஒரே உயரத்தில் இருக்கும். உயர்ந்த குதிகாலுக்குப் பழகியவர் திடீரென்று மாறினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் வலிக்கும். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற வேண்டும்.

இப்போது கடைக்காரரின் பக்கத்தைக் கேட்போம். ஒவ்வொரு சைஸையும் மூன்று அகலத்தில் வாங்கி அடுக்கினால் முதலீடு மூன்று மடங்கு ஆகும், ஈப்போ போன்ற ஊரில் காட்டோட்டக் காலணி வாங்குபவர் எத்தனை பேர் என்பது அவர் வாதம். முதலீட்டைப் பற்றி அவர் சொல்வது சரி. அகலம் தேவைப்படுபவர் சிலரே என்று அவர் நினைப்பது சரியல்ல. 2018-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல்ட், மென்ஸ் ஆகியோர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 63 முதல் 72 விழுக்காட்டினர் தம் பாதத்தின் நீளத்துக்கோ அகலத்துக்கோ பொருந்தாத காலணியையே அணிந்திருந்தார்கள். தேவை இருக்கிறது, கேட்கத் தெரியாததால் கணக்கில் வரவில்லை. முடியாத காரியமும் அல்ல. நியூ பேலன்ஸ் 1960-லேயே பல அகலங்களில் ஓட்டக் காலணியை விற்றது. ஜப்பானின் தேசிய அளவுமுறை நீளத்தோடு சுற்றளவையும் ‘ஈ’, ‘2ஈ’, ‘3ஈ’ என்று வரையறுக்கிறது. எல்லாவற்றையும் அடுக்கி வைக்க முடியாத கடை, அகலத்தைப் பார்ப்பதற்கு ஒரு மாதிரி ஜோடி மட்டும் வைத்துக்கொண்டு, கேட்டவருக்கு வரவழைத்துத் தரலாம். ஓட்டக் குழுக்கள் இருபது பேரின் அளவை ஒரே பட்டியலாகச் சேர்த்துக் கொடுத்தால் இறக்குமதியாளர் கவனிப்பார். ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட நாளில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தனார் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார். அந்தப் பெரிய காரியத்தோடு காலணியை ஒப்பிட முடியாது. சிறு வாங்குபவர்கள் ஒன்றுசேர்ந்தால் சந்தை வழிவிடும் என்ற பாடத்தை இங்கும் பயன்படுத்தலாம்.

இது ஓடுபவர்களின் ஆடம்பரக் கவலை என்று ஒதுக்குவோருக்கும் ஒரு பதில் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. முக்கிய இனங்களில் இந்தியரிடையே அது மிக அதிகம். நீரிழிவு உள்ளவர்களை மருத்துவர்கள் நடக்கவும் ஓடவும் சொல்கிறார்கள். நீரிழிவு முற்றியவருக்குப் பாதத்தில் உணர்வு குறையும். காலணி கடிப்பது தெரியாது, சிறு கொப்புளம் ஆறாத புண்ணாகும், சிலருக்கு அது விரலையும் காலையும் எடுப்பதில் முடியும். இவர்களுக்குக் குறுகலான காலணியை விற்பதும், தளர்ந்து உரசும் பெரிய சைஸைப் பரிந்துரைப்பதும் ஒரே அளவு கெடுதல். உணர்வு குறைந்த பாதம் உள்ளவர் புதிய காலணியோடு மலைக்குப் போகும்முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட வேண்டும். உடற்பயிற்சியே மருந்தாக எழுதப்படும் சமூகத்தில், பொருந்தும் காலணி கிடைப்பது பொதுநலக் கேள்வி.

செய்ய வேண்டியது எளிது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது போடும் காலுறையை அணிந்து, குதிகால் சுவரில் முட்ட ஒரு தாளின் மேல் நிமிர்ந்து நில்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இன்னொருவர் பாதத்தைச் சுற்றிக் கோடு போடட்டும். குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல்வரை நீளம். பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் இடையே அகலம். அந்த இரு மூட்டுகளையும் சுற்றித் தையல் நாடாவால் சுற்றளவு. மூன்றையும் மில்லிமீட்டரில், இரண்டு காலுக்கும் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய கால்தான் கணக்கு. கடையில் காலணியின் உள்தட்டை வெளியே எடுத்து அதன் மேல் நில்லுங்கள். பாதம் ஓரத்துக்கு வெளியே வழிந்தால் அந்தக் காலணி உங்களுக்கானது அல்ல, நீளம் எவ்வளவு பொருந்தினாலும். உள்ளே போட்டபின் விரலுக்கு முன் ஒரு சென்டிமீட்டர் இருக்கட்டும். படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள், விரல் முட்டக் கூடாது, குதிகால் எழக் கூடாது. பிறகு கடைக்காரரிடம் சைஸோடு நிறுத்தாமல், இந்த நீளத்துக்கு இந்தச் சுற்றளவில் எது இருக்கிறது, அகல வகையை வரவழைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். எதற்காக வாங்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள். பொருந்தாததை வாங்கும் ஒவ்வொரு முறையும் அகலத்துக்குத் தேவையில்லை என்று நாமே கையெழுத்துப் போடுகிறோம். வாங்குபவர்கள் மில்லிமீட்டரில் பேசத் தொடங்கினால், கடை அலமாரியும் மில்லிமீட்டரில் பதில் சொல்லப் பழகும்.